தைராய்டு தாள் சொல்வதும் சொல்லாததும்

மலாக்காவின் மஸ்ஜித் தானா பாசாரில் கோழிக்காகக் காத்து நின்றபோதுதான் சித்தி அந்தத் தாளை எடுத்தார். நான்காக மடித்து, பணப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

"இதப் பாரேன். தைராய்டு ரொம்ப வேகமா ஓடுதாம். நாளையில இருந்து மாத்திர போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆயுசுக்கும் போடணுமான்னு கேட்டா, பாக்கலாம்னு சொல்றாரு."

டி.எஸ்.எச். 0.12. பக்கத்தில் குறைவு என்பதற்கு 'எல்'. ஃப்ரீ டி-4 25.3. பக்கத்தில் கூடுதல் என்பதற்கு 'எச்'. எண்களை மட்டும் பார்த்தால் எந்த டாக்டருக்கும் அந்த முடிவுதான் வரும். ஆனால் தாளை நீட்டிய கையைப் பார்த்தேன். முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டிய கை. ஆடாமல் அசையாமல் இருந்தது. சித்திக்குப் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, வியர்த்துக் கொட்டவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்.

மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் இன்னொரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் முதலில் எண்களைப் பார்க்கவில்லை. சித்தியின் இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரித்த விரல்கள்மேல் அந்த அறிக்கைத் தாளையே வைத்தார். தைராய்டு மிகுந்தவர்களுக்கு விரல்களில் நுண்ணிய நடுக்கம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும். தாள் அசையவில்லை. நாடி 72.

"அம்மா, வேற என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திர மட்டும்."

"முடிக்கு, தோலுக்கு ஏதாச்சும்?"

சித்தி என்னைப் பார்த்தார். ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் இணையத்தில் வாங்கி அனுப்பிய டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. முடி கொட்டுவதற்கான விட்டமின். ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம் பயோட்டின். ரத்தம் எடுத்த அன்று பசியாறாமல் போக வேண்டுமோ என்று நினைத்து, வெறும் தண்ணீரில் அதை மட்டும் விழுங்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"அது மருந்து இல்லையே டாக்டர், விட்டமின்தானே!"

ஒரு வாரம் அதை நிறுத்திவிட்டு மறுபடியும் ரத்தம் எடுத்தோம். டி.எஸ்.எச். 2.04. ஃப்ரீ டி-4 15.1. சித்தியின் தைராய்டுக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகவில்லை.

மண்டோரும் பால்மரமும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனையை விளக்குவது சுலபம். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியைப் பால் வெட்டும் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இறக்கும் பால்தான் டி-4. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வேலை வாங்கும் மண்டோர். மண்டோர் போடும் சத்தம் டி.எஸ்.எச். பால் குறைந்தால் சத்தம் கூடும், பால் மிகுந்தால் சத்தம் அடங்கும். இந்த மண்டோருக்குக் காது மிகவும் கூர்மை. டி-4 இரண்டு மடங்கு மாறினால், எதிர்த்திசையில் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு மாறும். அதனால்தான் உலகம் முழுவதும் முதலில் டி.எஸ்.எச்.ஐப் பார்க்கிறார்கள்.

ரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவை எண்ணிப் பார்க்க வழிசெய்தவர் அமெரிக்காவின் ரோசலின் யாலோ. சாலமன் பெர்சனோடு சேர்ந்து 1950களின் இறுதியில் அவர் உருவாக்கிய முறைக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். இன்றைய ஆய்வுக்கூட இயந்திரங்கள் அந்த முறையின் வாரிசுகள்.

இயந்திரம் சத்தத்தையும் பாலையும் நேரே பார்ப்பதில்லை. அவற்றைப் பிடிக்கும் எதிர்ப்புரதங்களை ஏவி, அவை தரும் ஒளியை எண்ணாக்குகிறது. அந்த இடைவழியில்தான் பல குழப்பங்கள் நுழைகின்றன. மண்டோர் சத்தமும் பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத அறிக்கை வந்தால், அல்லது இரண்டும் ஒத்துவந்தும் எதிரே நிற்கும் மனிதரோடு ஒத்துவராவிட்டால், விசாரணை அங்கேதான் தொடங்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: தாளைப் படிக்க

டி.எஸ்.எச்.: பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை. ஃப்ரீ டி-4: பல ஆய்வுக்கூடங்களில் 12 முதல் 22 வரை, சிலவற்றில் வேறு. உங்கள் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையே உங்களுக்குரியது. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். டி.எஸ்.எச். கூடி டி-4 குறைந்தால் தைராய்டு மந்தம். டி.எஸ்.எச். குறைந்து டி-4 கூடினால் தைராய்டு மிகை. டி.எஸ்.எச். இரவில் ஏறி, பிற்பகலில் இறங்கும். மறுபரிசோதனையை அதே ஆய்வுக்கூடத்தில், அதே நேரத்தில் செய்வது நல்லது.

முடிக்கு வாங்கியது, கழுத்தில் வந்து நின்றது

பயோட்டின் தைராய்டைத் தொடுவதே இல்லை. இயந்திரத்தைத்தான் ஏமாற்றுகிறது. பல ஆய்வுக்கூட இயந்திரங்களில் டி.எஸ்.எச்.ஐப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தின் வாலில் பயோட்டின் கட்டியிருப்பார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகள் அந்த வாலை இறுகப் பற்றிக்கொள்ளும். பிடிபட்டதை வைத்துக்கொண்டு, மற்றதைக் கழுவி விடுவார்கள். பள்ளி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் வெளியிலிருந்து வந்த பயோட்டின் நிறைய இருந்தால் அதுவே இடத்தையெல்லாம் பிடித்து உட்கார்ந்துவிடும். டி.எஸ்.எச்.ஐத் தூக்கி வந்த பிள்ளைகள் ஏற இடமில்லாமல் கழுவுநீரோடு போய்விடுவார்கள். இயந்திரம் எண்ணிப் பார்த்து, டி.எஸ்.எச். இல்லை என்கிறது.

டி-4 பரிசோதனை தலைகீழாக நடக்கும். அதில் ஒளி குறைந்தால் ஹார்மோன் கூடுதல் என்று பொருள். எனவே அதே பயோட்டின் அங்கே டி-4ஐக் கூட்டிக் காட்டும். ஒன்று குறைய, மற்றது கூட, அச்சு அசல் தைராய்டு மிகை போலவே அறிக்கை வந்துவிடும். தைராய்டு மிகைக்குக் காரணமாகும் கிரேவ்ஸ் நோயை உறுதிப்படுத்தும் எதிர்ப்புரதப் பரிசோதனையும் அதே முறையில் செய்யப்பட்டால், அதுவும் சேர்ந்து பொய் சொல்லும்.

இது சித்திக்கு மட்டும் வந்த வினை இல்லை. பிறவிக் கோளாறுக்காக மிக அதிக அளவில் பயோட்டின் எடுத்துவந்த ஆறு குழந்தைகளின் பரிசோதனைகள் கிரேவ்ஸ் நோய் போலவே காட்டியதை 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. அடுத்த ஆண்டு, ஆரோக்கியமான ஆறு பெரியவர்களுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஏழு நாள் பயோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஜாமா இதழில் வந்தது. அது சித்தி விழுங்கிய அதே அளவு. 2017 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையை பயோட்டின் குறைத்துக் காட்டியதோடு தொடர்புடைய ஒரு மரணத்தையும் அது குறிப்பிட்டது. பெரியவர் ஒருவருக்கு நாளுக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம் மட்டுமே. டப்பாவில் இருப்பது அதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல்.

குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது வெளியேற இன்னும் நாளாகும். எல்லா இயந்திரங்களும் இப்படி ஏமாறுவதில்லை. புதிய கருவிகள் பலவற்றைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் ரத்தம் எந்த இயந்திரத்துக்குப் போகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சித்தி அந்தத் தைராய்டு மாத்திரையைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது. நன்றாக வேலை செய்யும் தைராய்டை, கார்பிமசோல் என்ற அந்த மாத்திரை அடக்கிப் போட்டிருக்கும். அந்த மருந்து மிகச் சிலருக்கு ரத்த வெள்ளணுக்களைத் திடீரெனச் சரித்துவிடும். அதை உண்மையாகவே தேவைப்பட்டுச் சாப்பிடுபவர்கள் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும்.

மைலோவோடு போன மாத்திரை

நம் ஊரில் பயோட்டினைவிட அதிகமாக நடக்கும் குழப்பம் வேறு. தைராய்டு மந்தத்துக்கு லெவோதைராக்சின் சாப்பிடும் பெண்கள் லுபோக் சீனாவிலிருந்து அலோர் காஜா வரை எத்தனையோ பேர். காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டில் பெயர் கொடுக்க ஓடிய பழக்கம், தோட்டம் போனாலும் உடம்பை விட்டுப் போகவில்லை. எழுந்ததும் ஒரு குவளை மைலோ அல்லது காப்பி, அதோடு எல்லா மாத்திரையும் ஒரே வாயில்: தைராய்டு, பிரஷர், இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம். இரும்பும் கால்சியமும் குடலிலேயே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோயா பாலும் காப்பியும் அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். டி.எஸ்.எச். கூடிக்கொண்டே போகும். டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒரு நாள் இரும்பு மாத்திரை நின்றுவிட்டால், கூட்டிய அளவு முழுதாக உடம்பில் ஏறி நெஞ்சு படபடக்கும்.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி. காலை முடியாதவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாம். இரவிலும் அது நன்றாகவே சேர்கிறது.

டி.எஸ்.எச். மிகக் கூடுதல், டி-4 சரியான அளவில் அல்லது மேலே. பார்க்க விசித்திரமான தாள் இது. பால் நிறைய இருக்கும்போது மண்டோர் ஏன் கத்துகிறார்? பெரும்பாலும் காரணம் எளிது. மாதக்கணக்கில் மாத்திரையை விட்டுவிட்டு, கிளினிக் தேதிக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காக விழுங்கியிருப்பார். டி-4 சில நாளில் ஏறிவிடும். மண்டோரின் கோபம் தணிய ஆறு வாரம் ஆகும். இதைச் சொல்லப் பயந்து மறைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஷிப்டு மாறியது, மாத்திரை தீர்ந்து மறுபடி வாங்கப் போக வண்டி இல்லை என்று ஆயிரம் உண்டு. ஆனால் சொல்லாவிட்டால் டாக்டர் அளவைக் கூட்டுவார். வயதானவர்களின் இதயமும் எலும்பும் அதற்கு விலை கொடுக்கும்.

பெட்டிச் செய்தி: இறைச்சியில் வந்த தைராய்டு

1984-85இல் அமெரிக்காவின் மினசோட்டா, தெற்கு டகோட்டா, அயோவா மாநிலங்கள் கூடும் பகுதியில் 121 பேருக்குத் தைராய்டு மிகை வந்தது. படபடப்பு, எடை இழப்பு எல்லாம் உண்மை. ஆனால் அவர்களின் தைராய்டு சுரப்பிகளோ அடங்கிக் கிடந்தன. அவர்கள் சாப்பிட்ட அரைத்த மாட்டிறைச்சியில், கழுத்துப் பகுதியோடு மாட்டின் தைராய்டு சுரப்பியும் சேர்ந்துவிட்டதே காரணம். தைராய்டு மிகை என்றால் தைராய்டுதான் கெட்டது என்று பொருளில்லை என்பதற்கு மருத்துவர்கள் இன்றும் சொல்லும் கதை இது.

பாலும் இல்லை, சத்தமும் இல்லை

இந்தக் கட்டுரையில் யாராவது ஒரு பத்தியை மட்டும் படிப்பார்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

டி-4 குறைவு. டி.எஸ்.எச். "நார்மல்". முதலில் டி.எஸ்.எச். மட்டும் பார்க்கும் இடங்களில் இப்படிப்பட்டவர்களுக்குத் தைராய்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பால் குறைந்தும் மண்டோர் கத்தவில்லை என்றால் மண்டோருக்கே ஏதோ ஆகிவிட்டது. பெண்களிடம் இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போது, கருக்காலத்தில் பெருத்திருக்கும் பிட்யூட்டரிக்கு ரத்தம் போகாமல் அது பட்டுப்போகலாம். பிரிட்டிஷ் மருத்துவர் ஹரால்டு ஷீஹன் 1937இல் இதை விவரித்தார். வீட்டிலும் தோட்ட ஆஸ்பத்திரியிலும் மருத்துவச்சியும் டிரெசரும் பார்த்த பிரசவங்களில், ரத்தம் ஏற்ற வழியில்லாமல் தப்பிப் பிழைத்த தாய்மார்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்: அந்தப் பிள்ளைக்குப் பால் ஊறியதா? அதன் பிறகு மாதவிலக்கு வந்ததா? இரண்டுக்கும் இல்லை என்றால், வருடக்கணக்காக "சோம்பேறி" என்று பெயர் வாங்கிய அந்த அம்மாவின் களைப்புக்கு மருத்துவப் பெயர் ஒன்று இருக்கலாம்.

அவர்களுக்குத் தைராக்சினை மட்டும் அவசரமாகக் கொடுப்பதும் ஆபத்து. கார்டிசோல் என்ற உயிர்காக்கும் ஹார்மோனும் குறைந்திருக்கும். அதை முதலில் ஈடுகட்டாமல் தைராக்சின் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். நிபுணர் பார்க்க வேண்டிய தாள் இது. டி.எஸ்.எச். "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். உடம்பு வேறு சொன்னால் ஃப்ரீ டி-4ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரசவக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டோரை வாயடைக்கச் செய்யும் இன்னொன்று பாசார் மாலாமில் விற்கிறது. மூட்டுவலிக்கு ஒரே நாளில் கேட்கும் ஜாமு, மஜுன், பெயர் தெரியாத உருண்டை. இவற்றில் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதை நம் மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு டி.எஸ்.எச்.ஐ அடக்கும். முகம் உருண்டு, சர்க்கரை ஏறி, தைராய்டுத் தாளும் குழம்பும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். போலி எண்களும் உண்டு; அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடினால் தெரிந்துவிடும். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. உருண்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தைராய்டைத் தானே தூண்டும். மண்டோருக்கு வேலை குறைவதால் டி.எஸ்.எச். இறங்கும். வாந்தி அதிகமுள்ள பெண்களுக்கு இன்னும் இறங்கும். தாளில் 'எல்' என்று இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது நோயில்லை. அச்சிட்டிருக்கும் எல்லை கர்ப்பமில்லாதவர்களுக்கு உரியது.

ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடும் பெண்ணுக்கு நிலைமை நேர்மாறு. கர்ப்பமானதும் தேவை கால் பங்குக்குமேல் கூடிவிடும். தொடக்க வாரங்களில் பிள்ளையின் மூளை தாயின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது. நாள் தள்ளிப்போன வாரமே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். "வாந்தி வருது, மாத்திர ஒத்துக்கல" என்று தானாக நிறுத்துவதுதான் பெரிய கேடு.

கொஞ்சம் கூடியிருந்தால்?

டி-4 சரியாக இருந்து, டி.எஸ்.எச். 5, 6, 7 என்று வந்தவர்கள்தான் புலனத்தில் அதிகம் பயமுறுத்தப்படுகிறார்கள். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பெரியவர்களைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில் தைராய்டு மந்தம் 10.95 சதவீதம். இப்படிப்பட்ட லேசான நிலை அதில் சேராமல் தனியாக எட்டு சதவீதம். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு, லேசான நிலைக்கு மாத்திரை கொடுத்தும் களைப்போ மற்ற தொல்லைகளோ குறையவில்லை என்று 2017இல் காட்டியது. பெரிய காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து உடம்பு தேறும்போதும் டி.எஸ்.எச். கொஞ்சம் எம்பும். அப்போது எடுத்த தாளை வைத்து முடிவு செய்யக்கூடாது. 10க்கு மேல் போனால், கர்ப்பத்துக்கு முயன்றால், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருந்தால் கதை வேறு.

இதயத் துடிப்புக்கான அமியோடரோன் சாப்பிடுபவர்கள் மந்தம், மிகை என இரண்டு பக்கமும் போகலாம். 200 மில்லிகிராம் மாத்திரையில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. நாளுக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பார்ப்பது வழக்கம். தேதியைத் தவறவிடாதீர்கள்.

உண்மையான நோயும் உண்டு

குழப்பமான தாள்களைப் பற்றியே எழுதிவிட்டேன். யாரும் உண்மையான தாளையும் குப்பையில் போட்டுவிடக்கூடாது. மிகையைக் கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாளம் தப்பி, பக்கவாதம்வரை போகும். நம் ஆசிய ஆண்களுக்கு இன்னொன்று வரும். விருந்தில் வயிறு முட்டச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்த இளைஞன், விடியற்காலையில் காலைத் தூக்க முடியாமல் கிடப்பான். ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்திருக்கும். அடியில் இருப்பது தைராய்டு மிகை. ஆவி பிடித்தது, செய்வினை என்று தாயத்துக் கட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் 999ஐ அழைக்க வேண்டும்.

சித்தியின் பட்டியல்

அடுத்த பரிசோதனைக்கு முன், உடம்புக்குள் போவதையெல்லாம் எழுதச் சொன்னார் அந்த டாக்டர். சித்தி சமையலறை மேசையில் உட்கார்ந்து, பேத்தியின் தமிழ்ப்பள்ளி நோட்டிலிருந்து கிழித்த பக்கத்தில் எழுதினார். பிரஷர் மாத்திரை, காலை. கொலஸ்ட்ரால் மாத்திரை, ராத்திரி. முடி விட்டமின், நிறுத்தியாச்சு. கால்சியம். மீன் எண்ணெய், மகள் அனுப்பியது. கருஞ்சீரக எண்ணெய் ஒரு கரண்டி. முட்டி வலிக்குப் பக்கத்து வீட்டு மக்சிக் கொடுத்த உருண்டை. கூட்டாளி விற்கும் கொலாஜென் பொடி. சளிக்குக் கஷாயம், மழைக்காலத்தில் மட்டும்.

பேத்தி ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் மலாயில் எழுதிக் கொடுத்தாள். மொத்தம் ஒன்பது. கிளினிக் அட்டையில் இருந்தவை இரண்டு. தாதி அந்த நோட்டுப் பக்கத்தை வாங்கி, அட்டையோடு சேர்த்து ஸ்டேப்லர் அடித்துவிட்டு, ஏழாவது வரியைக் காட்டி, "அந்த உருண்டையை நாளைக்கே கொண்டு வாங்க மக்சிக்" என்று மலாயில் சொன்னார்.